வாசலில் வைத்த வாளி

சென்ற மாதம் வெஸ்ட் வின்ட்சரில் வாழும் நம்மவர் இல்லம் ஒன்றிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மீள்சுழற்சிக்கென வீதியோரம் வைத்த வாளியைத் தொழிலாளர் எடுக்காது சென்றிருந்தனர். அதன்மேல் ஆங்கிலத்தில் ஓர் ஒட்டுத்தாள். வீட்டு அம்மையார் அதை வாசிக்கத் துணியாமல், வாளியை உள்ளே இழுத்துச் சமையலறை மூலையிற் போர்வையால் மூடிவைத்திருந்தார். "மாஸ்ரர், தண்டம் எவ்வளவு கட்ட வேணும்?" என்பதே அவரது முதற் கேள்வி. அகதியாய் வந்தோருக்கு உத்தியோகக் கடதாசி என்றாலே நெஞ்சு படபடப்பது புதுமையன்று. நாம் நேரிற் சென்று வாசித்தோம். பிளாஸ்ரிக் பை இடவேண்டாம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

அம்மையாரின் பிழை துப்புரவினால் வந்த பிழை. போத்தல்களைக் கழுவித் துடைத்து, குப்பைப் பையிலிட்டு இறுக முடிந்திருந்தார். ஆனால் பையானது தரம் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளிற் சுற்றிக்கொள்ளும். ஆலையை நிறுத்தி, ஆட்கள் உள்ளிறங்கிக் கத்தியால் வெட்டியெடுக்க வேண்டும். எனவே போத்தலும் பேணியும் வாளியில் அவிழ்ந்தே கிடக்கட்டும். கடதாசியும் அட்டையும் வேறு வாளிக்குரியன.

இது நற்பழக்கம் மட்டுமன்று, சட்டமுமாகும். வீட்டிலேயே பிரித்து வைத்தலை நியூ ஜேர்சி 1987இலேயே கட்டாயமாக்கிவிட்டது.

அடியில் முக்கோணமும் எண்ணும் இருந்தால் ஏற்பர் எனப் பலர் நம்புகின்றனர். அவ்வெண் பிளாஸ்ரிக்கின் இனத்தைச் சொல்வதேயன்றி வேறன்று. 1, 2 எண்ணுள்ள தண்ணீர், பால், சவர்க்காரப் போத்தல்கள் எடுபடும். கறி வாங்கிய கறுப்புப் பெட்டி, அரிசி வந்த பின்னற் பை, எண்ணெய் ஊறிய பீற்சா அட்டை ஆகியன வேண்டாம். தேங்காய்ப்பாற் பேணியை அலசி இடலாம். கைப்பேசி மின்கலத்தை மறந்தும் இடாதீர். நசுங்கினால் வண்டியே தீப்பற்றும். தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றைக் குப்பையில் எறிவது இம்மாநிலத்தில் 2011 முதல் குற்றம். ஐயமிருப்பின் மேர்சர் கவுண்டியின் பட்டியலைப் பிள்ளைகளைக் கொண்டு வாசித்தறிக.

இத்தனை கண்டிப்பு ஏன்? மேற்குலகின் கழிவு நெடுங்காலம் சீனாவுக்குக் கப்பலேறியது. 2018இல் சீனா கதவடைத்தது. அங்கே ஏற்கும் கடதாசியிலும் கலப்பு நூற்றுக்கு அரை வீதத்தைத் தாண்டலாகாது என்றது. நம் தாயகத் தீவும் தப்பவில்லை. பிரித்தானியாவிலிருந்து பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரிற் கொழும்புத் துறைமுகம் வந்த கொள்கலன்களில் வைத்தியசாலைக் கழிவும் இருந்தமை 2019இல் அம்பலமாயிற்று. இருநூறுக்கு மேற்பட்ட கொள்கலன்களுள் இறுதித் தொகுதி திருப்பியனுப்பப்பட்டது 2022 பெப்ரவரியிலேதான். பிரிக்காத குப்பை யார் வாசலுக்குப் போகும் என்பதை நாம் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

இரு கிழமைக்கு ஒருமுறை வரும் வண்டி அடுத்த தடவை அம்மையாரின் வாளியை எடுத்துச் சென்றது. ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றை மட்டும் அவர் இடவில்லை. "அது மிளகாய்த்தூள் போட நல்லது, மாஸ்ரர்" என்றார். நாமும் வற்புறுத்தவில்லை.