பேஜிங் ஃபைலை மூடச் சொன்னது யார்?

ஒரு ராத்தாவின் லெப்டொப்பில் நாங்கள் செய்த பிழையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிறகு மற்றவர்களைக் குறை சொல்லலாம்.

மாவடிப்பள்ளியில் எங்கட செட்டிடம் மஃரிபுக்குப் பிறகு யாராவது ஒரு பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவது வழக்கம். "மகன், இது திறக்கவே பத்து நிமிசம் எடுக்குது, ஒருக்கா பாருங்களேன்." அநேகமாக கட்டாரிலோ சவூதியிலோ இருந்து மாமா கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கும். 2010க்கும் 2014க்கும் இடையில் செய்தது. 2 ஜிபி, மிஞ்சினால் 4 ஜிபி ரேம். உள்ளே சுழல்கிற ஹார்ட் டிஸ்க். அதற்கு மேலே விண்டோஸ் 10. ராத்தாவின் லெப்டொப்பும் அந்த வகைதான். கெம்பஸ் கடைசி வருசம், ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தா. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் ரேமை மட்டும் பாவித்தால் மெஷின் பறக்கும் என்று ஒரு யூடியூப் வீடியோ சொன்னதை நம்பி, வேர்ச்சுவல் மெமரி செட்டிங்கில் 'நோ பேஜிங் ஃபைல்' என்பதை அழுத்திக் கொடுத்துவிட்டோம்.

ரெண்டு நாள் நல்லாத்தான் ஓடியது. மூன்றாம் நாள் இரவு வேர்ட், நாலு பிடிஎஃப், பிரவுசரில் இருபது டேப் எல்லாம் திறந்திருந்த நேரம், மெமரி போதாது என்று ஒரு பெட்டி வந்தது. பிரவுசர் மூடியது, அதற்குப் பின்னால் வேர்டும் மூடியது. வேர்ட் தானாகச் சேமிப்பது சாதாரணமாகப் பத்து நிமிசத்துக்கு ஒருமுறை. அந்தப் பத்து நிமிசத்துக்குள் ராத்தா எழுதியது போனது போனதுதான். எங்களைத் திட்டவும் இல்ல. "இனி நோட்டுக் கொப்பியிலயே எழுதுறன்" எண்டா. அது திட்டினதை விட மோசம்.

என்ன நடந்தது? ஏஎல் ஐசிடி படித்த தம்பிமாருக்கு 'மெய்நிகர் நினைவகம்' பாடத்தில் வரும். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்திருப்பார்கள். ஒவ்வொரு புரோகிராமும் தொடங்கும்போது எனக்கு இவ்வளவு மெமரி வேணும் என்று கேட்கிறது. விண்டோஸ் அதற்கு வாக்குக் கொடுக்கிறது. கொடுக்கக்கூடிய வாக்கின் மொத்த எல்லை, ரேமும் டிஸ்க்கில் உள்ள பேஜிங் ஃபைலும் சேர்ந்தது. பேஜிங் ஃபைலை மூடினால் அந்த எல்லை ரேம் அளவுக்குச் சுருங்கிப் போகும். அதைத் தொட்டதும் புதிதாகக் கேட்கிற எதற்கும் 'இல்லை' என்றுதான் பதில். அந்த 'இல்லை'யைத் தாங்கிக்கொள்ளத் தெரியாத புரோகிராம்கள்தான் அதிகம், விழுந்துவிடும். நாங்கள் வேகம் கொடுக்கிறோம் என்று நினைத்து, ராத்தாவின் காலடியில் இருந்த பலகையை உருவி எடுத்திருக்கிறோம்.

இதே பெட்டியை வைத்து மற்றப் பக்கத்தாலும் ஏமாற்று நடக்கிறது. 'உங்கள் 4 ஜிபி ரேமை 16 ஜிபி ஆக்குவது எப்படி' என்று வீடியோ. பெரிய எண் ஒன்றை அடித்து, ஓகே கொடுத்து, முடிந்தது. ஃபோன் கடைகளில் இப்போது அதே வித்தையை 8+8 என்று மட்டையில் அச்சடித்தே விற்கிறார்கள். அந்த இரண்டாவது எட்டு ரேம் அல்ல, ஸ்டோரேஜில் ஒதுக்கிய இடம். வாங்குகிற ஆளுக்கு அதைச் சொல்லாமல் 16 என்று வாயால் சொல்லி விற்பது பச்சைப் பொய் என்பது எங்கள் கருத்து.

ஏன் பொய்? கணக்கைப் பாருங்கள். ரேமில் இருந்து ஒன்றை எடுக்க ஏறக்குறைய 100 நானோ செக்கன். நிமிசத்துக்கு 5400 தரம் சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கில், தட்டு ஒருமுறை சுற்றவே 11 மில்லி செக்கன். ஊசி இடம் தேடுவதையும் சேர்த்தால் சராசரியாகப் பத்து மில்லி செக்கனுக்கு மேலே போகும். அதாவது ஒரு இலட்சம் மடங்கு. கடைக்காரக் காக்கா தட்டிலிருந்து ஒரு செக்கனில் எடுத்துத் தருகிற சவுக்காரம் தட்டில் இல்லாவிட்டால், 27 மணித்தியாலம் நிற்க வேண்டும். கொழும்புக்கு பஸ் ஏறி, புறக்கோட்டையில் சாமான் எடுத்து, திரும்பி வருகிற நேரம் அது. எப்போதாவது ஒருதரம் என்றால் பரவாயில்லை, கடை நடக்கும். ஒவ்வொரு சவுக்காரத்துக்கும் கொழும்பு போனால் என்ன கடை அது?

இந்த நிலைக்கு 1968இல் பீட்டர் டென்னிங் என்பவர் எழுதிய கட்டுரையில் 'த்ராஷிங்' என்று பெயர். எங்கட வட்டைப் பக்க ஆட்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும். சூடடிச்சு நெல்லெல்லாம் உதிர்ந்த பிறகும் ட்ராக்டர் வெறும் வைக்கோலைச் சுற்றிச் சுற்றி மிதிக்கிற மாதிரி. சத்தம் இருக்கு, புகை இருக்கு, நெல் இல்லை. டிஸ்க் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்க மவுஸ் அசையாமல் நிற்கிறதே, அதுதான்.

ஆனால் வேர்ச்சுவல் மெமரியே ஏமாற்று என்று யாரும் எடுத்துவிடக் கூடாது. 1962இல் மன்செஸ்டரில் வந்த அட்லஸ் கணினியில்தான் இது முதலில் ஓடியது. வேகமான மெமரி 16 ஆயிரம் சொற்கள் அளவுதான், அதற்குப் பின்னால் சுழல்கிற டிரம்மில் 96 ஆயிரம். வேகமான மெமரி விலை கூட, ஆகவே மெதுவான மலிவுச் சாமானை அதற்கு நீட்டிப்பாக்கினார்கள். காசு இல்லாத இடத்தில் வேலையை முடிக்கக் கண்டுபிடித்த வழி இது. எங்களுக்குப் பொருந்தாமல் போகுமா? 2022இல் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு டொலர் 200இலிருந்து 360 வரை ஏறியபோது, புது லெப்டொப் என்ற கதையையே எத்தனை வீடுகள் நிறுத்திவிட்டன! பழைய மெஷினைக் குப்பை என்று சொல்லிப் புதிதை விற்கப் பார்ப்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. அதே மெஷினுக்கு இல்லாத வேகத்தைச் சொல்லி ஏமாற்றுபவர்களோடும் இல்லை.

சரி, எவ்வளவு வைப்பது? எக்ஸ்பி காலத்தில் இருந்து 'ரேமைப் போல ஒன்றரை மடங்கு' என்று ஒரு வாய்ப்பாடு சுற்றுகிறது. 256 எம்பி ரேமுக்கு 384 எம்பி என்ற காலத்தில் அது சரி. இன்று 2 ஜிபி மெஷினுக்கு அந்தக் கணக்கில் 3 ஜிபி, 16 ஜிபி மெஷினுக்கு 24 ஜிபி. தேவை உள்ளவனுக்குக் குறையவும் இல்லாதவனுக்குக் கூடவும் கொடுக்கிற வாய்ப்பாடு! மடங்குக் கணக்கை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். வழமையாகப் பாவிக்கிற எல்லாவற்றையும், ஆகக் கூடிய நாளில் திறப்பது போல, ஒன்றாகத் திறந்து வையுங்கள். டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ், அதில் மெமரி, அங்கே 'கமிட்டட்' என்ற இடத்தில் ரெண்டு எண் இருக்கும். முதலாவது இப்போது கொடுத்திருக்கிற வாக்கு, ரெண்டாவது எல்லை. ராத்தாவின் மெஷினில் முதலாவது 6.2 ஜிபி வரை போனது. ரேம் 4. ஆகக் குறைந்தது 2.2 ஜிபி டிஸ்க்கில் இருக்கவே வேண்டும். கொஞ்சம் மூச்சு விட இடம் வைத்து, ஆரம்ப அளவும் உச்ச அளவும் 4096 எம்பி என்று ஒன்றாகவே போட்டோம். ரெண்டும் ஒன்றானால் ஃபைல் கூடிக் குறைந்து டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறாது.

சி டிரைவில் தாராளமாக இடம் இருந்தால் விண்டோஸ் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதே நல்லது. நாங்கள் காணுகிற மெஷின்களில் சி டிரைவ் முக்கால்வாசி கல்யாண வீடியோவால் நிரம்பியிருக்கும், ஃபைல் வளர இடமே இருக்காது. அந்த நேரத்தில் செட்டிங்கை விட முதலில் வீடியோவைத்தான் நகர்த்த வேண்டும். பேஜிங் ஃபைலை டி டிரைவுக்கு மாற்றினால் வேகம் வரும் என்பதும் ஒரு நம்பிக்கை. சியும் டியும் ஒரே டிஸ்க்கில் வெட்டிய ரெண்டு துண்டு என்றால் ஒன்றும் மாறாது, ஊசி ஒன்றுதான்.

காசு கொஞ்சம் இருந்தால் எஸ்எஸ்டி. அது பத்து மில்லி செக்கனை மில்லி செக்கனில் பத்தில் ஒன்றாக்கிவிடும். 'பேஜிங் ஃபைல் வைத்தால் எஸ்எஸ்டி செத்துப்போகும்' என்று பயமுறுத்துபவர்கள் இருக்கிறார்கள். 2009இலேயே மைக்ரோசொஃப்ட் அளந்து சொல்லிவிட்டது, பேஜிங் ஃபைலில் நாற்பது தரம் வாசித்தால் ஒரு தரம்தான் எழுதுகிறது என்று. ஆகவே அதை எஸ்எஸ்டியிலேயே வையுங்கள்.

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. 11க்கு 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறார்கள். இந்த மெஷின்களில் அந்தச் சில்லு இல்லை. நாங்கள் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். அங்கேயும் கதை அதேதான், பெயர் 'ஸ்வொப்'. டிஸ்க்குக்குப் போகுமுன் ரேமுக்குள்ளேயே சுருக்கி மடித்து வைக்கிற 'இசட்-ரேம்' என்ற வசதி 2 ஜிபி மெஷின்களுக்குக் கைகொடுக்கிறது. அதிலும் இருபது டேப் திறந்தால் திணறத்தான் செய்யும். அதைக் கொடுக்கும்போதே வாயால் சொல்லிவிடுகிறோம். கையில் தந்த மெஷின் அமானிதம், அதைப் பற்றிச் சொல்கிற சொல்லும் அப்படித்தான்.

இப்போது ஒவ்வொரு மெஷினுக்கும் அடியில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டுகிறோம், திகதியும் கமிட்டட் எண்ணும் எழுதி. போன கிழமை ராத்தாவின் தம்பி அந்த லெப்டொப்பைக் கொண்டுவந்தான், இப்போது அவன்தான் பாவிக்கிறான். துண்டில் 6.2 என்றிருந்தது, திறந்து பார்த்தால் 7.1. எல்லையை 6144 ஆக்கிக் கொடுத்து, உள்ளே ரேம் ஸ்லொட் ஒன்று காலியாகக் கிடக்கு, காசு சேர்ந்தா முதல்ல அதை நிரப்பு எண்டு சொல்லி அனுப்பினோம்.