சாத்திய கதவும் பூட்டிய கதவும்

"மானம் போயிற்று!" என்கிறார் தகப்பனார். "ஊர் என்ன சொல்லும்?" என்று அழுகிறாள் தாயார். "எனக்கு யார் பெண் கொடுப்பான்?" என்று உறுமுகிறான் அண்ணன். பதினேழு வயதுப் பிள்ளை, கையிலே ஒரு துணிப்பையோடு வாசற்படியில் நிற்கிறது. திருடியதா? இல்லை. குடித்ததா? இல்லை. கொலையா, கொள்ளையா, கள்ளக் கையெழுத்தா? ஒன்றுமே இல்லை. ஆண் என்று ஊரார் எழுதி வைத்த அந்தப் பிள்ளை, "நான் பெண்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டது. அவ்வளவுதான்! கதவு சாத்தப்படுகிறது.

குடித்துவிட்டு வந்து மனைவியின் மண்டையை உடைக்கிறானே மூத்த மகன், அவனுக்கு அந்த வீட்டில் பாய் உண்டு, தலையணை உண்டு, ஆறிப்போகாமல் மூடி வைத்த சோறும் உண்டு. வரதட்சணைக்காக மருமகளை வாட்டுகிறவனுக்கு நடுக்கூடம் உண்டு. யாருக்கும் தீங்கு செய்யாத பிள்ளைக்குத்தான் திண்ணையும் இல்லை. என்ன நியாயம் இது, தோழர்களே!

அந்தப் பிள்ளை எங்கே போகும்? இரவுப் பேருந்தேறி, விடியும் நேரத்தில் கிளாம்பாக்கத்தில் வந்து இறங்கும். அறை கேட்டால் ஆதார் அட்டை எங்கே என்பார்கள், தகப்பனார் தொலைபேசி எண்ணைக் கொடு என்பார்கள். வேலை கேட்டால் மதிப்பெண் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழோ, துரத்திய தகப்பனாரின் பீரோவுக்குள்ளே! பெற்ற வீட்டைவிட்டுப் போனவன் வெறும் வீட்டை மட்டும் இழக்கவில்லை. தான் யார் என்று காட்டும் காகிதத்தையும் இழக்கிறான். காகிதம் இல்லாதவனுக்குக் கடைசியில் கிடைப்பது நடைமேடை. அங்கே தூங்க முடியாத இரவுகளில், "வா, இடம் தருகிறேன்" என்று அழைக்கிறவன் யார், எதற்காக அழைக்கிறான் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

திருநங்கையருக்கு ஜமாத் என்று ஒன்று இருக்கிறது. குருவென்றும் மகளென்றும் உறவு கட்டிக்கொண்டு, கடை கேட்டுப் பிழைத்தாலும் ஒரு கூரையின்கீழ் உறங்குகிறார்கள். அரசு கைவிட்ட காலத்தில் அவர்களே கட்டிக்கொண்ட அநாதை இல்லம் அது. அதிலே குறை உண்டு, கண்டிப்பும் உண்டு. என்றாலும் கூரை உண்டு. பெண்ணாய் வளர்க்கப்பட்டு ஆணாய் வாழ விழையும் திருநம்பிக்கு அப்படியொரு வழிவழி வந்த கூரை ஏது? ஆணை விரும்பும் ஆணுக்கு, பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு ஏது? 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஆண், பெண் அல்லாதார் என்ற கட்டத்தில் இந்தியாவெங்கும் 4,87,803 பேரைப் பதிந்தார்கள். தன்பாலை விரும்புவோரை எண்ணக் கட்டமே கிடையாது.

இன்னொரு கொடுமையும் உண்டு. மகனைத் துரத்துகிற சமுதாயம், மகளைத் துரத்துவதில்லை. பூட்டுகிறது!

2025ஆம் ஆண்டு மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. வேலூர்ப் பக்கத்து வழக்கு. 25 வயது நிரம்பிய பெண், படித்தவள், தான் விரும்பிய பெண்ணோடு வாழ நினைத்தாள். வீட்டார் வலிந்து இழுத்துச் சென்றனர், அடித்தனர், அவளைத் 'திருத்த' என்னென்னவோ சடங்குகளும் செய்வித்தனர். ஆம், சடங்கு! காய்ச்சலுக்கு வேப்பிலை, கல்விக்குப் பரிகாரம், காதலுக்குப் பூசை. வைதீகத்தின் மருந்துப் பெட்டியில் ஒரே மாத்திரைதானே! நீதியரசர்கள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவளையே கேட்டார்கள்: எங்கே போக விரும்புகிறாய்? தோழியுடன், என்றாள். போகலாம் என்றது நீதிமன்றம். மணம் ஒன்றினால் மட்டுமே குடும்பம் உண்டாவதில்லை, தேர்ந்துகொண்ட உறவும் குடும்பமே என்றும் கூறிற்று. காவல்துறையின் மெத்தனத்தையும் கண்டித்தது.

இதற்கு நான்காண்டு முன்பே, 2021 ஜூன் 7ஆம் நாள், மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு இளம்பெண்கள் வழக்கில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் விரிவான ஆணை பிறப்பித்தார். தமக்கு இந்தப் பொருளில் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியல் வல்லுநரிடம் பாடம் கேட்ட பிறகு எழுதிய ஆணை அது. 'காணவில்லை' என்று பெற்றோர் தரும் புகாரில், போனவர் வயதுவந்தவர், விருப்பத்தோடு போனவர் என்று தெரிந்தால் புகாரை முடித்துவிட வேண்டும் என்றார். 'மாற்றும் சிகிச்சை' என்ற பெயரில் நடக்கும் மோசடிக்குத் தடை விதித்தார். குறுகிய காலத் தங்குமிடங்களில் இப்படிப்பட்டவருக்கு இடம் செய்யுங்கள் என்றார். மறு ஆண்டிலேயே, இவர்களைக் காவலர் துன்புறுத்தக்கூடாது என்று தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் திருத்தம் சேர்க்கப்பட்டது.

தில்லி நாடாளுமன்றம் 2019இல் இயற்றிய சட்டத்தின் 12ஆம் பிரிவோ, திருநர் என்ற காரணத்தால் ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்றது. வீட்டில் வாழும் உரிமை உண்டு என்றது. 18ஆம் பிரிவு, வீட்டைவிட்டு வெளியேற்றுவோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை என்றது. எழுத்தில் குறையில்லை! ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை, பெற்ற தகப்பன்மீது புகார் எழுதிக்கொண்டு காவல் நிலையப் படியேறுமா? ஏறினால்தான், "அப்பா சொல்வதைக் கேட்டு நட" என்று திருப்பி அனுப்பமாட்டார்களா?

இதெல்லாம் மேல்நாட்டு நாகரிகம் என்று சில பண்பாட்டுக் காவலர்கள் முணுமுணுக்கிறார்கள். மேல்நாட்டிலிருந்து வந்தது எது? 377ஆம் பிரிவு! 1860இல் வெள்ளைக்காரன் எழுதிக் கொடுத்த தண்டனைச் சட்டத்தின் பிரிவு அது. வயதுவந்தோரின் விருப்ப உறவை அது குற்றமாக்கியதை 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக நீக்கினர். ஆட்கள் என்றும் இங்கேதான் இருந்தார்கள். கூவாகத்துக்குப் போய்ப் பாருங்கள். சித்திரையில் ஒருநாள் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ள அவர்கள் வேண்டும். மறுநாள் வாடகைக்கு வீடு கேட்டால் "குடும்பஸ்தர்களுக்குத்தான்" என்பார்களாம். சாமிக்கு ஆகும், சந்துக்கு ஆகாதோ?

2008இல் இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநங்கையர் நல வாரியம் கண்டது தமிழ்நாடு. இழிசொல்லை அகற்றித் திருநங்கை என்ற திருச்சொல்லை ஆட்சி ஏட்டில் ஏற்றியது நம் இயக்கம். கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பில் வீடு கட்டிக் கொடுத்தபோது, அங்கே திருநங்கையர் பால் உற்பத்திக் கூட்டுறவே நடத்திக் காட்டினார்கள். கூரை கொடுத்தால் கை நீட்டுகிறவர் கறவை வளர்ப்பார் என்பதற்குச் சான்று வேறென்ன வேண்டும்! 2025இல் திருநருக்கென அரசுக் கொள்கையும் வந்தது. பாராட்டுகிறோம். பாராட்டிவிட்டுக் கேட்கிறோம்: தன்பாலை விரும்பியதற்காகத் துரத்தப்பட்ட பையனும் பெண்ணும் இந்தக் கொள்கையில் எந்த வரியில் இருக்கிறார்கள்? பதினெட்டு நிரம்பாத பிள்ளை, தன்னைப் பெண் என்று உணர்ந்தாலும், ஆண்பிள்ளைகள் இல்லத்தில்தானே தள்ளப்படும்? அங்கே அதன் இரவுகள் எப்படிப் போகும் என்று எந்த அதிகாரியாவது எண்ணியதுண்டா?

1929 செங்கற்பட்டு மாநாட்டை நினைவிலே கொள்ளுங்கள். சாதியை மீறி மணந்தவர்கள், விதவையென்று ஒதுக்கப்பட்டவர்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்? சுயமரியாதைக்காரன் வீட்டுக் கதவை! சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்தது அண்ணா ஆட்சியில், 1967இல். அதற்கு முன் ஏறத்தாழ 40 ஆண்டு, சட்டமில்லாமலே கூரை கொடுத்தான் தோழன். அன்று வீடு முந்திற்று, சட்டம் பிந்திற்று. இன்றோ சட்டம் வந்து வாசலில் நிற்கிறது, வீட்டைக் காணோம்!

ஆகவே கேட்கிறோம். அம்பத்தூரிலும் திருப்பெரும்புதூரிலும் நால்வராய் அறை எடுத்துத் தங்கும் தொழிலாளித் தோழரே, ஐந்தாவது பாய்க்கு இடமில்லையா? மன்றத்தில் இரவெல்லாம் பூட்டிக் கிடக்கும் படிப்பகம் எதற்கு? மேடையில் எதிரியை இகழ "ஒன்பது" என்று சொல்லிக் கைதட்டு வாங்கும் பேச்சாளருக்கு ஒலிபெருக்கியை ஏன் கொடுக்க வேண்டும்? முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிற கிளைச் செயலாளரின் மகன் அன்றிரவு பையைத் தூக்கிக்கொண்டு போனால், அந்தக் கைதட்டு திரும்புமா?

அப்படியொரு பிள்ளை உங்கள் தெருவுக்கு வந்தால் முதலில் சோறு, பிறகுதான் கேள்வி. பதினெட்டு நிரம்பாவிட்டால் 1098க்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் போய்விடாமல் குழந்தைகள் நலக்குழு வரை உடன் செல்லுங்கள், எந்த இல்லத்தில் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். பதினெட்டு நிரம்பியவர் என்றால், வழக்கறிஞர் அணித் தோழர் ஒருவரும் கிளைத் தோழர் ஒருவரும் அவரோடு காவல் நிலையம் செல்லட்டும், 2021 தீர்ப்பின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. பீரோவில் பூட்டிய சான்றிதழைக் கேட்டு வாங்க, தெருவில் நாலு பெரியவர்கள் அந்தத் தகப்பனாரிடமும் போகட்டும். அடிக்க அல்ல, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச.