சேர்வதற்கும் விலகுவதற்கும் யாருடைய சம்மதம்?

2019 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் தேதி பாங்காக் நகரில் கூடிய தலைவர்கள் மாநாட்டில், ஏழாண்டுக் காலம் பேசி உருவாக்கப்பட்ட ‘ஆர்செப்’ என்னும் பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மையில் இந்தியா சேராது என்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தபோது, குடியானவனின் ஜீவனத்தைக் காத்த தீரச் செயல் என்று ஒரு சாராரும், உலக வாணிபத்தின் ராஜபாட்டையிலிருந்து தேசம் தானாகவே இறங்கிக்கொண்ட விபரீதம் என்று மற்றொரு சாராரும் அதை வர்ணித்தனர். 2012 இல் பேச்சைத் தொடங்கிவைத்த காங்கிரஸ் கட்சி முடிவில் அதை எதிர்த்து நின்றது. கடைசி வரை பேசிவந்த பாரதிய ஜனதா அரசாங்கம் கையெழுத்திடும் தருணத்தில் எழுந்து வந்தது. வலதுசாரி அமைப்பான சுதேசி ஜாக்ரண் மஞ்சும் இடதுசாரி விவசாய சங்கங்களும், வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள், இதில் ஒரே கோரிக்கையை எழுப்பினர். சீனா, நியூசிலாந்து, மலேசியா முதலிய எஞ்சிய 15 நாடுகள் 2020 நவம்பரில் கையெழுத்திட்டு, 2022 ஜனவரி முதல் ஒப்பந்தத்தை அமலுக்குக் கொண்டுவந்துவிட்டன. 2024 இல் நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அதிகாரி பி.வி.ஆர். சுப்பிரமணியம், இந்தியா இதில் சேர வேண்டும் என்று பகிரங்கமாகவே சொன்னபின், அடங்கியிருந்த விவாதம் மறுபடியும் தலைதூக்கியிருக்கிறது.

இவ்விவாதம் கொங்கு நாட்டுக்கு வெறும் டில்லிச் செய்தியன்று. பொள்ளாச்சியிலும் ஆனைமலையிலும் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்திறங்கும் பாமாயிலின் விலையைக் கொண்டே தம் கொப்பரையின் விலையைக் கணக்கிடுகிறார். இரண்டு கறவை மாடுகளை நம்பிச் சங்கத்தில் பால் ஊற்றும் குடும்பம், நியூசிலாந்தின் பால்பவுடர் தீர்வையின்றி வந்தால் தன் கதி என்னாகும் என்று அஞ்சுகிறது. கோயம்புத்தூரின் பஞ்சாலைக்காரரும் பம்புசெட்டுப் பட்டறைக்காரரும் சீனச் சரக்கைக் கண்டு கலங்குகின்றனர். திருப்பூரின் பனியன் கம்பெனிக்காரரோ வியட்நாமும் வங்கதேசமும் பெற்றிருக்கும் தீர்வைச் சலுகை தமக்கு இல்லையே என்று ஏங்குகிறார். இவர்கள் தனித்தனி ஜாதி மனிதர்கள் அல்லர். கிணற்றுப் பாசனத்தில் புகையிலையும் பருத்தியும் விளைவித்த குடும்பங்களின் பிள்ளைகளே திருப்பூரில் பின்னல் ஆடைத் தொழிலை ஒரு தலைமுறைக்குள் நிறுவியவர்கள் என்பதால், அண்ணன் தோப்பில் கொப்பரை காயவைக்க, தம்பி கம்பெனியில் ஏற்றுமதிப் பெட்டி கட்டும் வீடுகள் இங்கே ஏராளம். ஆகவே, ‘விலகியதால் கொங்கு நாடு வாழ்ந்தது’ என்பதோ ‘விலகியதால் வீழ்ந்தது’ என்பதோ, ஒரே வீட்டின் ஒரு பாதியை மறைத்துவிட்டுச் சொல்லும் பேச்சாகிவிடுகிறது.

இத்தகைய பூசலைத் தேசம் முன்னரே ஒருமுறை கண்டிருக்கிறது. அதன் நடுவே நின்றவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1932 ஜூலையிலும் ஆகஸ்டிலும் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய சாம்ராஜ்யப் பொருளாதார மாநாட்டுக்குச் சென்ற இந்தியத் தூதுக்குழுவில் அவரும் ஒருவர். பிரிட்டிஷ் சரக்குகளுக்கு இந்தியா பெரும்பாலும் 10 சதவீதத் தீர்வைச் சலுகை தருவது, அதற்கு ஈடாக நமது சணல், தேயிலை, ஆளிவிதை, பதனிட்ட தோல் முதலியவற்றுக்குப் பிரிட்டன் சலுகை தருவது என்பதே அங்கே ஏற்பட்ட உடன்பாடு. காங்கிரஸ் சட்டமறுப்பில் ஈடுபட்டு மத்திய சட்டசபைக்கு வெளியே நின்ற வேளையில் அது அங்கீகரிக்கப்பட்டது. சாம்ராஜ்யத்தின் வண்டியில் இந்தியாவைப் பூட்டிவிட்டார்கள் என்று தேசியவாதிகள் கொதித்தனர். ஒட்டாவாவுக்குத் துணைபோனவர் என்ற பழியைச் சுமந்த சண்முகம் செட்டியார், சட்டசபையின் தலைவராக வீற்றிருந்தும், 1934 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார்.

அந்தச் சரித்திரத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது தோல்வியோ வெற்றியோ அன்று. ஒட்டாவா உடன்பாட்டை ஆராய்ந்த சட்டசபைக் கமிட்டி, மூன்றாண்டு கழித்து அதன் பலாபலன்களைச் சர்க்கார் சபையின் முன் வைக்க வேண்டும், அது தேசத்துக்கு நன்மை பயக்கவில்லையென்று சபை கருதினால் உடன்பாட்டை முறித்துக்கொள்ள அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. சர்க்காரும் அதை ஏற்றது. அதன்படியே 1936 இல் விவாதம் நடந்தது. எந்தச் சரக்கு எவ்வளவு போயிற்று, சலுகையால் போயிற்றா அல்லது உலக விலை தேறியதால் போயிற்றா என்று அங்கத்தினர்கள் புள்ளிவிவரங்களோடு வழக்காடினர். ஜின்னாவின் திருத்தத்துடன் கூடிய தீர்மானத்தால், உடன்பாட்டை முடித்துக்கொண்டு தனித்தனி நாடுகளோடு ஒப்பந்தம் நாடவேண்டுமென்று சபை தீர்ப்பளித்தது. அவ்வாண்டே சர்க்கார் விலகல் அறிவிப்பைத் தந்தது. 1939 இல் வந்த புதிய பிரிட்டிஷ் வர்த்தக ஒப்பந்தத்தைச் சபை நிராகரித்தபோது கவர்னர் ஜெனரலின் விசேஷ அதிகாரம் அதை நிறைவேற்றியது என்பது அடிமைத்தனத்தின் அவலம். ஆனாலும் அடிமை நாட்டின் சபை, கணக்குக் கேட்கும் உரிமையையும் விலகச் சொல்லும் உரிமையையும் போராடிப் பெற்றிருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

சுதந்திர இந்தியாவின் நிலைமை என்ன? 2012 இல் பேச்சில் சேர்வதற்கும் பாராளுமன்றம் வாக்களிக்கவில்லை. 2019 இல் விலகுவதற்கும் வாக்களிக்கவில்லை. விலகியபின் விளைந்தது என்ன என்ற கணக்கை எந்த அமைச்சரும் சபையின் முன் வைத்து ஒப்புதல் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால், இருதரப்பு வாதங்களிலும் பாதி உதிர்ந்திருக்கும். சீனச் சரக்கைத் தடுக்கவே விலகினோம் என்றனர். ஆனால் 2018-19 இல் சுமார் 5,300 கோடி டாலராக இருந்த சீனாவுடனான வர்த்தகப் பற்றாக்குறை, ஒப்பந்தம் ஏதுமின்றியே 2024-25 இல் ஏறத்தாழ 9,900 கோடி டாலரை எட்டிவிட்டது. தென்னை விவசாயியைக் காத்தோம் என்றனர். ஆனால் கச்சாப் பாமாயிலின் அடிப்படைத் தீர்வையை 2025 மே மாதத்தில் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தது அந்நிய நாட்டு ஒப்பந்தமன்று, நம் சர்க்காரின் ஓர் அறிவிப்பே. ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தாருங்கள் என்று பொள்ளாச்சி விவசாயிகள் ஆண்டாண்டாக மன்றாடுவதும் நம் ஆட்சியாளர்களிடத்தில்தான். மறுபுறம், விலகியதால் திருப்பூரின் சந்தை பறிபோயிற்று என்பதும் மிகை. ஆசியான், கொரியா, ஜப்பான் ஆகியவற்றோடு நமக்கு 2010, 2011 ஆம் ஆண்டுகளிலேயே ஒப்பந்தங்கள் உண்டு. திருப்பூரின் பிரதான வாடிக்கையாளர்களான அமெரிக்காவும் ஐரோப்பாவும் பிரிட்டனும் ஆர்செப்பில் இல்லவே இல்லை. விலகலால் நேர்ந்த லாபநஷ்டத்தைவிட, விலகிய பிறகு செய்ததும் செய்யத் தவறியதுமே பெரிது.

பருத்தியின் மேல் 2021 பட்ஜெட்டில் இறக்குமதித் தீர்வை விதித்து, 2022 இல் சில மாதங்கள் நீக்கி, மறுபடி விதித்து, 2025 ஆகஸ்டில் மறுபடி நீக்கியதை எண்ணிப் பாருங்கள். பஞ்சாலைக்காரர் நீக்கக் கேட்டார். பருத்தி விவசாயி வேண்டாமென்றார். இருவருக்கும் நியாயம் இருந்தது. இருவரையும் எதிரெதிரே அமரவைத்து, ஒருவருக்கு நேரும் நஷ்டத்தை மற்றவருக்குக் கிட்டும் லாபத்திலிருந்து ஈடுசெய்யும் மார்க்கத்தைக் காணும் பொறுப்பை ஏற்கும் சபைதான் இல்லை.

சபையில் விவாதித்தால் குழப்பமே மிஞ்சும் என்பதற்குச் சான்றாக, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிந்த கதையை அவலக் காட்சியாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 2016 ஜூன் 23 இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 51.9 சதவீதத்தினர் பிரிவுக்கு வாக்களித்தனர். ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் இருக்கவே விரும்பின. பிரதமர் தெரசா மே கொண்டுவந்த உடன்பாட்டைப் பொதுச்சபை மும்முறை நிராகரித்தது. 2020 ஜனவரி 31 இல்தான் பிரிவு கைகூடியது. அந்தப் பூசல் அந்நாட்டைப் பிளந்தது உண்மையே. ஆயினும், பிரிவு அறிவிப்பைப் பாராளுமன்றத்தின் அனுமதியின்றி மந்திரிசபை கொடுக்கலாகாது என்று 2017 ஜனவரியில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததும், மந்திரிகள் சபையில் நின்று ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னதும் ஜனநாயகத்தின் பலமேயன்றிப் பலவீனமன்று. கூச்சலைக் கண்டு அஞ்சி நிசப்தத்தைத் தேர்ந்தெடுப்பது விவேகமாகாது.

நமது அரசியல் சாசனத்தில், ஒன்றியப் பட்டியலின் 14 ஆவது இனம் அந்நிய ஒப்பந்தங்களை மத்திய சர்க்காரிடம் ஒப்படைக்கிறது. மாநிலப் பட்டியலின் 14 ஆவது இனம் விவசாயத்தை மாநிலத்திடம் ஒப்படைக்கிறது. பாலும் தேங்காயும் மஞ்சளும் ஒப்பந்த மேஜைக்குச் செல்லும்போது இவ்விரண்டு அதிகாரங்களும் மோதுகின்றன. மோதும்போதெல்லாம் மாநிலத்தின் குரல் கடிதத்தோடு நின்றுவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் நெடுந்தொலைவில் இல்லை. எந்த வர்த்தக ஒப்பந்தமாயினும், சேர்வதாயினும் விலகுவதாயினும், கையெழுத்துக்கு முன் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டு வாக்குக்கு விடப்பட வேண்டும். விவசாயத்தைத் தொடும் ஷரத்துகளுக்கு மாநிலங்களின் அபிப்பிராயம் எழுத்தில் பெறப்பட்டு வெளியிடப்பட வேண்டும். மூன்றாண்டுக்கொருமுறை அதன் பலாபலன் சபையின் முன் வைக்கப்பட வேண்டும். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்திலிருந்தே இந்தக் கணக்கு வைக்கும் வழக்கத்தைத் தொடங்கலாம். நம் ஆடைகளின் மேல் 12 சதவீதம் வரை இருந்த தீர்வை நீங்குவதாகச் சொல்லப்படும் அந்த ஒப்பந்தத்தால் திருப்பூருக்குக் கிடைத்தது என்ன என்பதைத் திருப்பூர் அறியத்தான் வேண்டும். கொங்கு நாட்டின் பாராளுமன்ற அங்கத்தினர்கள், கட்சி எதுவாயினும், இதற்கென ஒரு சட்டம் கோரி ஒன்றாக நிற்பார்களானால், தோப்புக்காரரும் கம்பெனிக்காரரும் ஒருசேர அவர்களை ஆதரிப்பர். 1932 இல் அடிமை நாட்டின் சபை கேட்டுப் பெற்றதைக் குடியரசின் சபை கேட்கத் தயங்குவதற்கு ஒரு காரணமும் இல்லை.