மாமூல் தடம்

கோவை மாவட்டத்து அன்னூர்ப் பக்கம் தோட்டம் கிரயம் செய்தால், பத்திரத்தில் மாமூல் தடமும் கிணற்றுப் பாத்தியமும் தவறாமல் எழுதப்படும். பின்னால் காடு வைத்திருப்பவர் காலங்காலமாக வண்டி ஓட்டிப்போன தடத்தை, புதிதாக வாங்கியவர் வேலி போட்டு அடைத்துவிட முடியாது. கம்பெனி கை மாறும்போது மட்டும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லி ஆளெடுத்த வாக்கு ஒரே மின்னஞ்சலில் செல்லாமல் போவது எந்த வகையில் நியாயம்?

விரும்புகிறவர்கள் நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று 2020 மே மாதம் அறிவித்தது ட்விட்டர். 2022 அக்டோபர் இறுதியில் ஈலான் மஸ்க் அதை 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். இரண்டு வாரம் கழிவதற்குள், வாரத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று ஊழியர்களுக்கு உத்தரவு போனது.

கோவை - சத்தி ரோட்டில் இப்படியோர் உத்தரவின் விளைவு வேறு மாதிரி இருக்கும். சரவணம்பட்டியிலும் கீரணத்தத்திலும் இருக்கும் ஐ.டி. வளாகங்களுக்கு அன்னூர்க்காரர்கள் கணேசபுரம், கோவில்பாளையம் வழியாகத்தான் போக வேண்டும். பழைய நிர்வாகத்தின் சொல்லை நம்பி சரவணம்பட்டி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, குழந்தையை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்து, படுக்கையில் இருக்கும் மாமனாரையும் பார்த்துக்கொண்டு வேலை செய்யும் பெண்ணிடம் அடுத்த திங்கள் முதல் வா என்றால் அவர் என்ன செய்வார்? அமெரிக்க நேரத்துக்கு ஷிஃப்ட் என்றால் நள்ளிரவுக்குமேல் லாகவுட் செய்துவிட்டு அன்னூருக்கு எதில் வருவார்? சம்பளத்தை ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை என்று புதிய நிர்வாகம் சொல்லலாம். அவர் வாழ்க்கையையே அல்லவா மாற்றுகிறது.

மாமூல் தடத்தின் நியாயம் நம் தொழிலாளர் சட்டத்துக்கும் புதிதல்ல. நிறுவனம் கை மாறினால் தொழிலாளரின் பணி நிபந்தனைகள் முன்பைவிடக் குறையக் கூடாது, குறைந்தால் இழப்பீடு தர வேண்டும் என்றது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம். வழக்கமாக அனுபவித்துவந்த சலுகையைப் பறிப்பதற்கு முன் 21 நாள் நோட்டீஸும் கேட்டது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இவை தொடர்கின்றன. இவற்றைக் கேட்டு வாங்க வழியும் உண்டு: ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று 2016லேயே தமிழக அரசு தெளிவுபடுத்தியது. ஆனாலும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது அத்தகைய சலுகைதான் என்று எங்கும் பெயர் சொல்லி எழுதப்படவில்லை. அந்த ஓட்டையை அரசு தன் விதிகளில் அடைக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மூத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் தொழில் கற்க முடியும் என்ற வாதத்தை ஏற்கிறோம். அதற்கு வாரத்தில் ஐந்து நாள் தேவையில்லை. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரிடம் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களிடையே, வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத் தரமும் பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை.

எழுத்தில் வாக்குப் பெற்றவர்களுக்கு 21 நாள் போதாது, ஒரு கல்வியாண்டு முடியும்வரையாவது அவகாசம் வேண்டும். அதன்பின் அழைத்தால் அன்னூர்வரை வேன் விட வேண்டும். அப்படியும் வர இயலாதவரை, தானாக ராஜினாமா செய்தார் என்று எழுதி வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. இழப்பீடும், அடுத்த இடத்தில் வேலை கிடைக்கத் தடையில்லாத ரிலீவிங் லெட்டரும் அவருக்குக் கொடுத்தாக வேண்டும்.