பள்ளிக்கூடம் திறந்த கியூவில் கடைசி ஆள் ஒன்றாம் வகுப்பு!

சென்னை,
கொரோனாவுக்குப் பூட்டிய கதவுகள் எந்த வரிசையில் திறந்தன என்ற கணக்கை இப்போது யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. எடுத்துப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

சென்னையில் டாஸ்மாக் கடை 2020 ஆகஸ்டு 18–ந் தேதி திறந்தது. டவுன் பஸ் செப்டம்பர் 1–ந் தேதி ஓடியது. கோயம்பேடு காய்கறி மார்க்கெட் செப்டம்பர் 28. சினிமா தியேட்டர் நவம்பர் 10. மெரினா கடற்கரை டிசம்பர் 14.

ஒன்றாம் வகுப்பு?

2021 நவம்பர் 1!

அதாவது சென்னையில் பாட்டில் விற்கும் கடை திறந்து 14 மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான், "அ, ஆ" சொல்லிக் கொடுக்கும் அறை திறந்தது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. வாண்டுகள் பாடு இன்னும் மோசம். அவர்கள் உள்ளே போனது 2022 பிப்ரவரி 16–ந் தேதி.

பயம் பொய்யில்லை

பள்ளிக்கூடத்தை மூடியதே தப்பு என்று சொல்ல வரவில்லை. 2020 மார்ச் மாதம் நடுவில் பூட்டுப் போட்டபோது, இந்த நோய் யாரை எப்படித் தாக்கும் என்று டாக்டர்களுக்கே பிடிபடவில்லை.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் நோய் கண்டது. சென்டிரல் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் வரிசையாக நின்றதை ஊரே பார்த்தது. அந்த நேரத்தில் யாராவது போய், "பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்மா" என்று சொல்லியிருந்தால் பெற்றவள் விளக்குமாற்றைத் தூக்கியிருப்பாள்.

வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் பாட்டி முதல் பேரன் வரை ஒரே அறையில் படுத்துத் தூங்கும் குடும்பங்கள் எத்தனையோ. பிள்ளைக்குச் சளியோடு போய்விடும். பாட்டிக்கு? அந்தப் பயம் நியாயமான பயம்.

ஆகவே மூடியதைப் பற்றிப் பேச்சில்லை. திறந்த வரிசை இருக்கிறதே, அதில்தான் விஷயம்.

ஆட்சி மாறியது, வரிசை மாறவில்லை

முதலில் 2020 நவம்பர் 16–ந் தேதி 9 முதல் 12 வரை வகுப்புகளைத் திறப்பதாக அரசு அறிவித்தது. 9–ந் தேதி பள்ளிதோறும் பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். பக்கத்து ஆந்திராவில் அதே மாதம் பெரிய வகுப்புகளைத் திறந்து, சில நாட்களிலேயே மாணவர்களும் ஆசிரியர்களும் நூற்றுக்கணக்கில் நோயில் விழுந்த செய்தி வந்துகொண்டிருந்தது. 12–ந் தேதி "திறப்பு இல்லை" என்று உத்தரவு போட்டார்கள்.

பிறகு 2021 ஜனவரி 19–ந் தேதி 10–ம் வகுப்பும் 12–ம் வகுப்பும் திறந்தன. ஒரு அறைக்கு 25 பேர். கையில் வைட்டமின் மாத்திரை, துத்தநாக மாத்திரை. பிப்ரவரி 8–ந் தேதி 9–ம் வகுப்பும் பிளஸ்–1–ம் வந்தன. மார்ச் 22–ந் தேதி 9, 10, 11 மறுபடி மூடல். அடுத்தது இரண்டாவது அலை.

மே மாதம் ஆட்சி மாறியது. எடப்பாடி பழனிசாமி போய் மு.க.ஸ்டாலின் முதல்–அமைச்சர் ஆனார். செப்டம்பர் 1–ந் தேதி பள்ளி திறந்தது. யாருக்கு? மறுபடியும் 9 முதல் 12 வரைக்கும்தான்! ஒன்று முதல் எட்டு வரை இன்னும் இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்தார்கள்.

இரண்டு கட்சி அரசும் ஒரே வரிசையைத்தான் பிடித்தன. மற்ற மாநிலங்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். பஞ்சாப் மட்டும் 2021 ஆகஸ்டு 2–ந் தேதி எல்லா வகுப்பையும் ஒரே நாளில் திறந்துவிட்டது.

நடக்காத பரீட்சை

பெரிய பிள்ளைகளை ஏன் முதலில் கூப்பிட்டார்கள்? நோயைப் பார்த்து அல்ல. பொதுத் தேர்வைப் பார்த்து.

மார்க் ஷீட் இருக்கிற வகுப்புக்குத்தான் நம் ஊரில் மரியாதை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு மாதம் பாடம் நின்றால் வீடே அலறும். ஒன்றாம் வகுப்புக்கு ஒரு வருடம் நின்றால், "சின்னதுதானே, வீட்டில் விளையாடட்டும்" என்போம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஜனவரி 19–ந் தேதி பத்தாம் வகுப்பைக் கூப்பிட்டார்கள். பிப்ரவரி 25–ந் தேதி சட்டசபையில் முதல்–அமைச்சர் எழுந்து, 9, 10, 11 வகுப்புகளுக்கு எல்லோரும் பாஸ் என்று அறிவித்துவிட்டார். 37 நாள்தான் இடைவெளி. பிளஸ்–2 தேர்வும் ஜூன் 5–ந் தேதி ரத்து.

எந்தப் பரீட்சைக்காக அவர்களை முதல் ஆளாக உள்ளே விட்டார்களோ, அந்தப் பரீட்சையே நடக்கவில்லை!

டாக்டர்கள் சொன்னது தலைகீழ்

2021 ஜூலை 20–ந் தேதி டெல்லியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் தலைவர் டாக்டர் பல்ராம் பார்கவா ஒன்று சொன்னார். திறப்பதென்றால் தொடக்கப் பள்ளியை முதலில் திறப்பது நல்லது, பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகள் இந்தக் கிருமியை நன்றாகவே சமாளிக்கிறார்கள், ஆனால் ஆசிரியர்களும் மற்ற ஊழியர்களும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம்.

அதற்கு ஆறு வாரம் கழித்துத்தான் இங்கே 9 முதல் 12 வரை திறந்தார்கள். பேச்சு காதில் விழவில்லையா, விழுந்தும் துணிச்சல் வரவில்லையா என்பதை அவரவர் யூகத்துக்கு விடுகிறேன்.

இது புது யோசனையும் அல்ல. டென்மார்க் நாட்டில் 2020 ஏப்ரல் 15–ந் தேதியே, ஐரோப்பா முழுக்கக் கதிகலங்கி நின்ற நேரத்தில், மழலையர் பள்ளியையும் கீழ் வகுப்புகளையும்தான் முதலில் திறந்தார்கள். பெரிய பிள்ளைகள் பிறகு வந்தார்கள்.

இஸ்ரேலில் 2020 மே மாதம் எல்லா வகுப்பையும் திறந்தார்கள். ஒரு அறைக்கு இத்தனை பேர் என்ற கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். அனல் காற்று அடித்தது. முகக் கவசம் வேண்டாம் என்று சில நாள் விட்டார்கள். ஜெருசலேமில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் பரவியது. கெட்டது பெரிய பிள்ளைகள் படிக்கும் இடத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அறைக் கணக்கு

நம் ஊரில் சின்னவர்கள் பின்னால் தள்ளப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது இடநெருக்கடி.

சென்னை மாநகராட்சியிடம் அப்போது 281 பள்ளிகள் இருந்தன. பல இடங்களில் தொடக்கப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் ஒரே காம்பவுண்டு. 2021 செப்டம்பரில் ஒரு அறைக்கு 20 பேர் என்று விதி வந்தது. 40 பேர் படிக்கிற பத்தாம் வகுப்புக்கு இரண்டு அறை வேண்டும். அந்த இரண்டாவது அறை எங்கிருந்து வரும்? கீழ் வகுப்பு காலியாக இருந்தால்தான் வரும். சின்னவர்கள் வீட்டில் இருந்ததால்தான் பெரியவர்களுக்கு இடம் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

குழாய், கக்கூஸ் விவகாரமும் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை முகக் கவசத்தைக் கழற்றிப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்து விளையாடும். கை கழுவச் சொன்னால் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு வரும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சோப்பும் தண்ணீரும் வேண்டும். ஆள் போடாமல் தேதியைத் தள்ளிப் போட்டால் செலவில்லை பாருங்கள்!

டி.வி. பெட்டிக்கு விரல் கிடையாது

பத்தாவது படிக்கிற பையனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். புத்தகத்தைக் கொடுத்து, கல்வித் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டால் தட்டுத் தடுமாறியாவது பாதி புரிந்துகொள்வான்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அப்படி அல்ல. அதன் விரலைப் பிடித்து எழுத வைக்க வேண்டும். டி.வி. பெட்டிக்கு விரல் கிடையாது.

செல்போன் வகுப்பு என்றார்கள். வீட்டுக்கு ஒரு போன். அதை அப்பா காலையில் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். ராத்திரி வந்தால் அண்ணன் வாங்கிக்கொள்வான், அவனுக்குத்தானே பரீட்சை! கடைக்குட்டி கைக்கு வரும்போது சார்ஜ் இருக்காது.

மதியச் சோறும் நின்றது. அதற்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். கொடுத்தது நல்ல காரியம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் தட்டில் விழும் சோறு அந்தப் பிள்ளைக்கு மட்டும். வீட்டுக்கு வரும் அரிசி வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நாலு வாய்க்கும் சேர்த்து வேகும்.

பள்ளிக்கூடத்தை நம்பிப் பிழைத்தவர்கள் திண்டாட்டம் தனி. வேன் டிரைவர், யூனிபாரம் தைக்கும் டெய்லர், நோட்டு விற்கும் கடைக்காரர், கேட் ஓரம் மாங்காய் பத்தை விற்ற பாட்டி. இவர்கள் கணக்கு எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.

மணி அடித்தது, மழை வந்தது

கடைசியில் 2021 நவம்பர் 1–ந் தேதி கீழ் வகுப்புகளுக்கும் மணி அடித்தது. அன்று இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 2020–ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். ஒரு வகுப்பு பாஸாகி, அடுத்த வகுப்பில் பாதி வருடம் போன பிறகு, முதல் தடவையாகத் தங்கள் வகுப்பறையைப் பார்த்தார்கள்!

மூன்று நாளில் தீபாவளி. அது முடிந்ததும் 7–ந் தேதி சென்னையில் பேய் மழை. தெருவெல்லாம் வெள்ளம். பள்ளிக்கு மறுபடி லீவு. பாவம், அவர்கள் ராசி அப்படி.

2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்தது. அப்போது மூடியதிலும் சின்னவர்கள்தான் முதலில். 10–ம் வகுப்பும் அதற்கு மேலே உள்ளவர்களும் அதற்குப் பிறகும் சில நாள் வந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் பிப்ரவரி 1–ந் தேதி ஒரு அதிசயம் நடந்தது. ஒன்று முதல் பிளஸ்–2 வரை எல்லா வகுப்பும் ஒரே நாளில் திறந்தன. அன்று தமிழ்நாட்டில் புதிதாக நோய் கண்டவர்கள் 16 ஆயிரத்துக்கு மேல். கீழ் வகுப்பு திறந்த 2021 நவம்பர் 1–ல் அது ஏறக்குறைய ஆயிரம்தான்!

ஆயிரம் இருக்கும்போது தயங்கித் தயங்கித் திறந்த கை, 16 ஆயிரம் இருக்கும்போது எல்லோருக்கும் சேர்த்துத் திறந்தது. தடுப்பூசி பரவலாகப் போட்டாகிவிட்டது, ஒமைக்ரான் முந்தைய நோய் மாதிரி ஆளை அடிக்கவில்லை என்பதெல்லாம் உண்மை. அப்படியானால் நோய் எண்ணிக்கை மட்டுமே சாவி அல்ல என்பதும் உண்மைதானே? அதே யோசனையை 2021 செப்டம்பரில் சின்னவர்களுக்காகச் செய்திருக்க முடியாதா?

பில் வந்தது

2022–ல் அசர் என்ற அமைப்பு நாடு முழுவதும் கிராமப் பிள்ளைகளிடம் போய்ப் படிக்கச் சொல்லிப் பார்த்தது. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 100 பேரில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் 5 பேர்கூட இல்லை. 2018–ல் 10 பேர் இருந்தார்கள். அதுவே சொல்லிக்கொள்ளும்படி இல்லை, அதிலும் பாதியாகிவிட்டது.

அந்த வருடம் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் யார்? 2020–ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் கொடுத்த அதே பிள்ளைகள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. அபிஜித் சிங், மவுரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், விட்டுப் போனதில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, 2021 அக்டோபர் 27–ந் தேதி தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி"யால் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய்க்குச் சாயந்திரம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்களே தெருவில் உள்ள அக்காமார்கள், அவர்கள் உழைப்பு அது.

இதிலிருந்து தெரிவது, கதவைத் திறந்தாலே பாதி வியாதி தீர்கிறது என்பது. அப்படியானால் முன்னாடி திறந்த ஒவ்வொரு வாரத்துக்கும் விலை உண்டு.

மழைக்கு லீவு விட யாருக்கு அதிகாரம் என்று இருக்கிறது. கலெக்டர் சொல்கிறார், ரேடியோவில் வருகிறது, முடிந்தது. நோய்க்கு மூடினால் யாரை முதலில் திரும்பக் கூப்பிடுவது, அவர்களுக்கு எந்த அறை, யார் கை கழுவி விடுவது என்பதற்கும் அப்படி ஒரு உத்தரவை, அவசரம் இல்லாத இந்த நேரத்தில் எழுதி வைக்கலாம். கோட்டையிலிருந்து வர நாளாகும். உங்கள் வார்டு பள்ளியில் எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது என்பதைக் கவுன்சிலரிடம் இன்றைக்கே கேட்கலாம்.

2020–ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுத வேண்டியது 2030–ல். அதுவரை அவர்களுக்கு மார்க் ஷீட் கிடையாது.