மிளகுக் கொடியும் கணினியும்

எங்கள் பின்வளவில் பலாமரத்தைப் பற்றி மிளகுக் கொடி படர்ந்திருக்கிறது. பலாபத்வலயில் பல வளவுகளில் இதே காட்சிதான். அந்த மிளகின் மரபணுத்தொகுதியை, அதாவது ஏறத்தாழ 76 கோடி எழுத்துகளை, 2019இல் சீன விஞ்ஞானிகள் தலைமையிலான குழுவொன்று வாசித்து வெளியிட்டது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் எவ்வாறு உருவாகிறது என்றும் ஆராய்ந்தது. இத்தனை எழுத்துகளைக் கண்ணால் வாசித்து முடியாது. கணினியைக் கொண்டு வாசிக்கும் துறைதான் கணினிசார் உயிரியல்.

இத்துறை எனக்கு அறிமுகமானது என் ராத்தாவின் ஏமாற்றத்தால். உயிரியல் விஞ்ஞானப் பட்டம் முடித்த அவர், ஆய்வு உதவியாளர் வெற்றிடமொன்றைப் பார்த்தார். உயிரியல் பட்டம், புள்ளிவிபரவியல், கணினி நிரல் எழுதும் திறன் ஆகிய மூன்றும் வேண்டும் என்றிருந்தது. "முதலாவது மட்டும்தான் என்னிடம் இருக்கு" என்று மடிக்கணினியை மூடிவிட்டார்.

பிழை ராத்தாவினுடையது மட்டுமல்ல. சாதாரண தரம் முடிந்ததும் நம்மிடம் கேட்கப்படுவது "பயோவா, மெத்ஸா?" என்பதுதான். பயோ என்று சொன்ன அன்றே கணிதப் புத்தகத்தைக் கட்டி வைத்துவிடுகிறோம். பிறகு மருத்துவபீட வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அழுகிறோம்.

ஆனால் உயிர்காக்கும் பணி வைத்தியருடையது மட்டுமா? 2021இல் நம் நாட்டில் பரவிய கொவிட் திரிபுகளை ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வுகூடம் மரபணு வரிசைப்படுத்திக் கண்டறிந்தது. அப்பணியில் முன்னின்றவர்களுள் பேராசிரியர் நீலிகா மலவிகே ஒரு பெண். 1965இல் புரத வரிசைகளைத் தொகுத்து நூலாக்கி இத்துறைக்கே அடித்தளமிட்ட அமெரிக்க விஞ்ஞானி மார்கரட் டேஹொஃபும் பெண்தான்.

இவ்வேலைகள் நிரந்தரமில்லை என்று வாப்பாமார் தயங்குவது நியாயமே. பெரும்பாலும் ஆய்வுத் திட்டத்தின் நிதி இருக்கும்வரைதான் சம்பளம். எனினும் முதுமாணி, கலாநிதிப் படிப்புகளுக்குப் பலரும் ஏறிய முதற்படி அதுவே.

ஆகவே தோழியரே, பயோ படிக்கும் நாம் கணிதத்தைக் கைவிடக் கூடாது. பைதன் மொழியை இலவசமாகக் கற்கலாம். உலகின் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி எவரும் பார்க்கத் திறந்தே கிடக்கிறது. பாடசாலைக் கணினி அறையில் வாரத்துக்கு ஒரு மணிநேரத்தை உயர்தர உயிரியல் மாணவியருக்கு ஒதுக்கித் தருமாறு அதிபரையும் ஆசிரியர்களையும் அன்புடன் கேட்கிறேன்.

நன்றாயிருந்த மிளகுக் கொடி சில நாட்களில் வாடிவிட்டால், வாப்பா அதைப் பிடுங்கி எரிப்பார். ஒன்று வாட, பக்கத்துக் கொடி ஏன் தப்புகிறது? மாத்தளையிலேயே ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடும் கதிரையொன்றில் நம் ஊர்ப் பிள்ளையும் அமர வேண்டும். அதற்கு விண்ணப்பம் கோரும் நாளில், ராத்தாவைப் போல மடிக்கணினியை மூடும் நிலை நமக்கு வரக் கூடாது.