நமக்கு எதற்குத் திருட்டுச் சாவி?



சிம்மக்கல்தான் எனக்கு ஊர், உலகம் எல்லாம். அப்பா லோடுமேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். போன வருஷம் அம்மாவின் தோட்டை அடகு வைத்து, பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். "இதுல படிச்சு ஆளாகிருய்யா" என்றார் அப்பா. அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது.

நான் செய்தது என்ன? பெரிய விலையுள்ள கணக்கு சாஃப்ட்வேர் ஒன்றின் திருட்டுப் பிரதியை, பென் டிரைவில் வாங்கி ஏற்றினேன். "ஆன்டி வைரஸை நிறுத்திட்டு இந்தச் சாவியைப் போடுடா மாப்ள, ஓடும்" என்றார்கள். ஓடியது... மூன்றே நாள்! நான்காம் நாள் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. செமஸ்டர் ரெக்கார்டு, மினி புராஜெக்ட் எல்லாம் போச்சு. யாரைக் குறை சொல்ல? கதவைத் திறந்துவிட்டவன் நான்தானே!

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, திருடவே தேவையில்லை என்று. ஜி.என்.யு. ஆக்டேவ், சைலேப், மேக்ஸிமா என்று ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. காசு கிடையாது. உள்ளே எழுதியிருக்கும் நிரலையும் யாரும் பார்க்கலாம், திருத்தலாம். "அதுக்கு லினக்ஸ் போடணும்டா" என்று பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள்! மூன்றும் நம் விண்டோஸிலேயே ஓடும். ஆக்டேவுக்கு 2015-ல் வந்த 4.0 பதிப்பிலிருந்து, பட்டன், மெனு எல்லாம் வைத்த ஜன்னலும் சேர்ந்தே வருகிறது. இன்ஸ்டால் செய்யாமல், ஜிப் ஃபைலைப் பிரித்து பென் டிரைவிலிருந்தே ஓட்டவும் வழி உண்டு. லேப்டாப் இல்லாத நண்பன், லேப் சாரிடம் அனுமதி கேட்டு அங்கேயே போட்டுப் பார்க்கலாம்.

இந்த ஆக்டேவ் பிறந்த கதை நம் கதை போலவே இருக்கிறது. அமெரிக்காவில் கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவர்கள் ஃபோர்ட்ரானில் புரோகிராம் எழுதி, தப்பு தேடுவதிலேயே நேரத்தை விட்டார்கள், பாடம் ஏறவில்லை. அவர்களுக்காகத் தொடங்கியதுதான் இது. ஜான் ஈட்டன் 1992-ல் முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டு, 1994-ல் 1.0 பதிப்பை வெளியிட்டார். பெயர் வைத்தது இசையை நினைத்து அல்ல. சட்டென்று உத்தேசக் கணக்குப் போடுவதில் புலியான தன் பேராசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீலை நினைத்து!

நமக்கு என்ன லாபம்? மெஷ் அனாலிசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று லூப் என்றால் கிராமர் விதிப்படி நான்கு டிட்டர்மினன்ட். ஒவ்வொன்றுக்கும் 9 பெருக்கல், ஆக 36 பெருக்கல், 3 வகுத்தல். ஒரு குறி மாறினால் அத்தனையும் பாழ்! ஆக்டேவில் மேட்ரிக்ஸை அடித்தால் ஒரே வரியில் விடை. வீட்டில் கணக்குச் சொல்லித்தர ஆளில்லாத என்னைப் போன்றவனுக்கு, இரவு பதினொரு மணிக்கு விடை சரிதானா என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்த மாதிரி. ஆனால் ஒன்று, சமன்பாட்டையே தப்பாக எழுதினால், தப்பான விடையைத்தான் அதுவும் வேகமாகத் தரும். பரீட்சை பேப்பரில் நாம்தான் எழுத வேண்டும்.

"இன்டர்வியூல மேட்லாப் தெரியுமான்னுதான் கேப்பாங்க" என்றார் ஒரு சீனியர் அண்ணன். நியாயம்தான். ஆனால் ஆக்டேவின் மொழி பெரும்பாலும் மேட்லாப் மொழியை ஒத்தது. இங்கே பழகிய கை அங்கேயும் ஓடும். சிமுலிங்க் படங்கள் மட்டும் இதில் திறக்காது. அந்த மாதிரி வேலைக்கு சைலேப்பில் எக்ஸ்காஸ் என்று தனியாக உண்டு. உரிமம் வாங்கி வைத்திருக்கும் இடத்தில் மேட்லாப்பையே தாராளமாகப் பயன்படுத்துங்கள். திருட்டுப் பிரதி வேண்டாம் என்பதே என் கட்சி.

"இங்கிலீஷ்ல இருக்குமே" என்று தயங்குபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலில் சைலேப் பாடங்கள் தமிழ்க் குரலிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிஷம்தான். நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கூடவே செய்து பார்க்கலாம்.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. விழாவுக்குப் பந்தல் போடுகிறோம், பாட்டுக் கச்சேரி வைக்கிறோம், வேண்டியதுதான். ஒரே ஒரு சனிக்கிழமை மதியம் லேப்பைத் திறந்து, முதலாண்டுத் தம்பி, தங்கைகளின் லேப்டாப்பில் இவற்றை ஏற்றிக் கொடுப்போமா? ஆக்டேவ் சில நூறு எம்.பி. இருக்கும். ஒருவர் இறக்கினால் போதும், எல்லோருக்கும் பகிரலாம். அது குற்றமல்ல, உரிமை!

அம்மாவின் தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. என் லேப்டாப்பில் இப்போது திருட்டுச் சரக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு அம்மாவின் தோடு வீணாகப் போகக் கூடாது நண்பர்களே... அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

— இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை